பாய் சுருட்டாத வீடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தது இது. நெய்வேலி நகரியத்தை ஒட்டி, காண்ட்ராக்ட் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே உள்ள சமுதாயக் கூடத்தில் கைக்குழந்தைகளின் அம்மாக்களுக்கு வாரம் ஒரு வகுப்பு நடத்துவது என்று நகரியத்தில் நாங்கள் குடியிருக்கும் வட்டத்துப் பெண்கள் கூடி முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிசியோதெரபி படித்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறப்பதற்குள் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குழந்தைக்குக் கழுத்து நிற்பது, புரள்வது, உட்காருவது, தவழ்வது, பிடித்துக்கொண்டு எழுவது, இதற்கெல்லாம் அம்மா வீட்டிலேயே எப்படிக் கைகொடுக்கலாம் என்று சொல்லித்தர வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை பதினொரு மணி என்று சொன்னால் பதினொன்றே முக்காலுக்கு ஒவ்வொருவராக வருவார்கள். கூடத்தில் நான்கு மின்விசிறிகள். மூன்று சுற்றாது. சுற்றுகிற ஒன்று போடும் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. சுவரில் கட்ட ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, மெத்தென்ற கம்பளத்தில் குப்புறக் கிடந்து சிரிக்கும். அம்மாக்கள் என்னைப் பார்த்ததைவிட அதைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

நான் சொன்னது ஒரே விஷயம்தான். குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விடுங்கள். ஒரு பாயையோ துணியையோ விரித்து, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்துகொண்டு, குப்புறப் போடுங்கள். முதலில் இரண்டு நிமிடம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நெஞ்சுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முன்னால் கண்ணுக்குப் படுகிற மாதிரி ஒரு சாமானை வையுங்கள். அதை எட்டிப் பிடிக்கப் போராடும்போதுதான் கழுத்தும் முதுகும் கையும் வலுவாகும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். இதை நான் பொம்மையை வைத்துக் காட்டினேன், படம் வரைந்து காட்டினேன், ஒருநாள் நானே குப்புறப் படுத்தும் காட்டினேன்.

அடுத்த வாரம் வந்து என்ன சொல்வார்கள் தெரியுமா? ஒருத்தி, ஆறு மாதக் குழந்தையைச் சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைத்து வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள். "டாக்டரம்மா, நடக்குது பாருங்க" என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. குழந்தையின் பாதம் தரையில் பதியவே இல்லை, விரல் நுனியால் உந்திக்கொண்டு சுவரில் போய் இடித்தது. இன்னொருத்தி, உட்காரப் பழக்குகிறேன் என்று அன்னக்கூடைக்குள் தலையணையைத் திணித்து, நடுவில் பிள்ளையைச் செருகி வைத்திருந்தாள். மூன்றாமவளுக்கு வேறு கவலை. முதல் பிறந்தநாள் போட்டோவில் பையன் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று அவள் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதனால் தவழ்வதை விட்டுவிட்டு நேரே நடக்க வைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் கொட்டித் தீர்ப்பேன். என் கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட், ஷிப்ட் வேலை. டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்பார், "நீ கிளாஸ் எடுக்கறியா, இல்ல எல்லாருக்கும் மெமோ குடுத்துட்டு வர்றியா?" அதற்கும் அவரிடம் சண்டை போடுவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், நான் சொன்னதை ஒருவர் இரண்டாம் முறை கேட்டாலே குரல் உயர்ந்துவிடும். திண்டுக்கல்லில் என் அம்மா வீட்டிலும் இதே புகார்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வாரம் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். சலித்துப்போய் விட்டுவிட்டதாகத்தான் அப்போது சொல்லிக்கொண்டேன். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வகுப்பில் சரியான நேரத்துக்கு வருகிறவள் ஒரே ஒருத்தி. சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம், ஒடிசலாக இருப்பாள். அவளுக்கு ஆறரை மாதத்தில் ஒரு பெண் குழந்தை. நேரத்துக்கு வந்து என்ன பயன்? குழந்தையை இடது இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். கூடத்தில் பெரிய ஜமக்காளம் விரித்திருப்போம். மற்றக் குழந்தைகள் அதில் உருண்டு புரண்டு ஒன்றின் முடியை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். இவள் மட்டும் தூணோரமாக நின்றபடியே கேட்பாள். நான் வற்புறுத்தினால் ஒரு நொடி இறக்குவாள். குழந்தை வாயைக் கோணி 'ஙா' என்று ஆரம்பிப்பதற்குள் வாரித் தூக்கி, வாயைத் தன் தோளில் அழுத்திக்கொள்வாள்.

"அழட்டும்மா, ரெண்டு நிமிஷம் அழுதா ஒண்ணும் ஆகிடாது" என்பேன். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நிற்பாள். வீட்டில் பகல் முழுக்கக் குழந்தையை எங்கே விடுகிறாய் என்று கேட்டேன். ஏணை என்றாள், இல்லாவிட்டால் இடுப்பு. தூளியைத்தான் இந்தப் பக்கம் ஏணை என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்று வாரமாகத் தொண்டை வறளக் கத்தியும் இடுப்பு, ஏணை, இடுப்பு என்றால்?

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "டாக்டரம்மா, பாப்பா இந்தக் கைய நீட்டவே மாட்டேங்குதுங்க. எதக் குடுத்தாலும் அந்தக் கையாலயேதான் வாங்குது" என்று குழந்தையின் வலது கையைத் தொட்டுக் காட்டினாள். நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன், வெயிலில் ஸ்கூட்டர் வேறு நின்றது. "எந்நேரமும் ஒரே பக்கமா இடுப்புல வச்சிருந்தா எப்படிம்மா நீட்டும்? அந்தக் கை உன் முதுகுப் பக்கம் மாட்டிக்கிட்டுல்ல கிடக்கு? முதல்ல கீழ விடு, தானா சரியாகும்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள், நொட்டாங்கைக்காரியாக வரப்போகிறாள் போல என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, வகுப்பு நடுவிலேயே அவள் மறுபடி ஆரம்பித்தாள். "இல்லீங்க டாக்டரம்மா, அந்தக் கை…" அன்றைக்கு ஏற்கெனவே வாக்கர்காரியிடம் கத்திவிட்டு நின்றிருந்தேன். இவள் வேறு வழக்கம் போல இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டு கேட்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை முன்னால் வரச் சொன்னேன். எல்லோர் பக்கமும் திரும்பி, "பாருங்க, எதைச் செய்யக் கூடாதுன்னு தெரியணும்னா இவளப் பாருங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பங்குனி பிறந்து வெயில் கொளுத்த ஆரம்பித்திருந்தது. மந்தாரக்குப்பத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு காலை பத்து மணி வாக்கில் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குடியிருப்பின் முகப்பில் ஷிப்ட் பஸ் வந்து நிற்கும் ஒரு நிழற்குடை உண்டு. சிமென்ட் தரை, மூன்று பக்கம் சுவர், மேலே கூரை. ஷிப்ட் நேரத்தில் நிற்க இடம் இருக்காது, மற்ற நேரத்தில் ஈ காக்காய் இருக்காது. அன்றைக்கு அதற்குள் தரையில் ஒரு கைக்குழந்தை குப்புறக் கிடந்தது.

பிரேக் போட்ட வேகத்தில் நானே விழப் பார்த்தேன். குழந்தை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அவ்வளவுதான், என் வாயில் என்ன வந்ததோ எல்லாம் வந்தது. நூறு பேர் எச்சில் துப்புகிற இடம், பீடித் துண்டு கிடக்கிற இடம், நாய் படுக்கிற இடம், இதில் கொண்டுவந்து பிள்ளையைப் போட்டிருக்கிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா, நீயெல்லாம் ஒரு தாயா என்று கத்தினேன். சைக்கிளில் போன இருவர் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். ஆனால் குழந்தையைத் தூக்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ முணுமுணுக்கிறாள், திட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் அவள் எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. எண்ணி முடித்த பிறகுதான் குனிந்து குழந்தையைப் புரட்டி மல்லாக்கப் போட்டாள்.

"ரெண்டு நிமிசம்னு சொன்னீங்கல்ல, அதான் நூத்திருவது எண்ணிகினு இருந்தேன். பாதில வுட முடியல" என்றாள். பிறகு மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளியும் துடைப்பமும் இருந்தன. "கழுவி, காய வுட்டுதாங்க பாய விரிச்சேன். தெனமும் அப்பிடித்தான்."

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பாய், அதன்மேல் நாலாக மடித்த புடவை, குழந்தையின் நெஞ்சு இருந்த இடத்தில் சுருட்டிய துண்டு, ஒரு கை தூரத்தில் சிவப்பு மூடி போட்ட ஒரு டப்பா. வகுப்பில் நான் காட்டியதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. என் கூடத்தில் உட்கார்ந்து தலையாட்டிய அத்தனை பேரிலும் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவள் இவள் ஒருத்திதான், அதுவும் பஸ் ஸ்டாப்பில்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அதை வீட்டுல செய்யறதுக்கு என்னம்மா? தரை இல்லாத வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க வூடு இருக்குதுங்களே" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஒரே ரூமுங்க, தகரம் போட்டது. எங்க வூட்டுக்காரரு, கொழுந்தனாருங்க ரெண்டு பேரு, மூணு பேரும் காண்ட்ராக்ட்டுதான். மூணு பேருக்கும் மூணு ஷிப்ட்டு. ஒருத்தரு எழுந்து போனா ஒருத்தரு வந்து படுப்பாரு. நான் கல்யாணம் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து எங்க வூட்டுல பாய சுருட்டுனதே கெடையாதுங்க. மிச்சம் இருக்கற எடம் அடுப்புக்கும் கொடத்துக்கும் சரியாப்பூடும். வாசல்ல சாக்கட. பாப்பாவ எங்கங்க போடுவேன்? குப்புறப் போட்டா அது கத்துது. கத்துனா தூங்கறவங்க எழுந்துடறாங்க. தூக்கம் இல்லாம போயி, பெல்ட்டுகிட்ட நின்னுகினு கண்ணு சொக்கிட்டா என்னாங்க ஆவறது?"

மண்ணும் நிலக்கரியும் ஓடுகிற அந்த பெல்ட் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கணவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் நான் குக்கர்கூட வைக்கமாட்டேன், விசில் சத்தம் கேட்கும் என்று. காலிங் பெல்லை அணைத்துவிடுவேன். பால்காரர் பின்பக்கமாக வருவார். என் மகன் தவழப் பழகிய காலத்தில், அவர் தூங்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டு, ஹாலில் அவனை விட்டு வளர்த்தேன். எனக்குச் சாத்துவதற்கு ஒரு கதவும், அந்தப் பக்கம் ஒரு ஹாலும் இருந்தன. ஷிப்ட்காரர் வீட்டுத் தூக்கம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த நான், அத்தனை புதன்கிழமைகளில் ஒருவரிடமாவது, பகலில் உங்கள் வீட்டுத் தரையில் யார் படுத்திருப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? தோன்றவே இல்லை.

அவள் குழந்தையை இடுப்பிலேயே வைத்திருந்ததும், அழுகை கிளம்புமுன் வாயைத் தோளில் அழுத்தியதும் சோம்பலோ செல்லமோ இல்லை. மூன்று ஆண்களின் தூக்கத்தை அவள் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவில் நான் சொன்னதையும் செய்ய வேண்டும் என்று நினைத்து, காலை பஸ் போனபின் மத்தியான ஷிப்ட்டுக்கு ஆள் வருவதற்குள் இந்த இடத்தைக் கழுவி, இருபது நாளாகக் குழந்தையைக் கொண்டுவந்து போட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, முதல் முறையாக, குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டப்பாவை வலது பக்கம் வைத்தேன். குழந்தை அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, உடம்பையே திருப்பி, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து எட்டியது. மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே மாதிரி. வலது கை மூடியே இருந்தது, கட்டைவிரல் உள்ளே மடங்கி. விரலைப் பிரித்துப் பார்த்தேன், பிரிக்க விடாமல் இறுகியது. வலது பாதத்தை மேலே மடக்கினேன், அதுவும் இறுகியது. இடது கால் சாதாரணமாக உதைத்துக்கொண்டிருந்தது.

ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினால் அது கைப்பழக்கம் இல்லை, உடனே கவனிக்க வேண்டிய அறிகுறி. இது படிக்காதவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு இது பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அந்தக் கையைத் தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அத்தனை வாரமும் நான் அவளுடைய இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும், சீக்கிரம் காட்ட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவள், அன்றைக்குப் பேசினாள்.

"அப்பவே சொன்னேனே. ரெண்டு வாட்டி சொன்னேன். நான் படிக்காதவதான். ஆனா எம் புள்ள கைய நான்தான தெனமும் பாத்துகினு இருக்கேன்? நீங்க ஒரு வாட்டி பாத்தீங்களா?"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சைக்கிள்காரர்கள் மெல்ல நகர்ந்து போய்விட்டார்கள். "இல்ல" என்றேன் நான்.

அடுத்த வாரமே புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கணவரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர், பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், பார்த்தார்கள். பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ மூளையின் ஒரு பக்கத்தில் ஏற்பட்ட சின்னக் காயம், அதனால் வலது கையும் காலும் இறுகுகின்றன என்றார்கள். இடுப்பில் வைத்ததால் வந்ததில்லை, ஏணையில் போட்டதால் வந்ததில்லை. முழுதாகப் போகாது, ஆனால் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார் அங்கே பார்த்த பெண் டாக்டர். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "முதல்ல எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஆறு மாசத்துல" என்றாள் அவள்.

"இப்ப ஒம்பது மாசம் ஆகப்போகுது. ஏன்மா இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

அவள் கணவர் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். "ஆறு மாசத்துலயே தெரியுமா? எங்கிட்ட கூட சொல்லலியே?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் இருந்தது. இருந்தாலும் அந்த அறையில் எல்லோருடைய பார்வையும் அவள்மேல் விழுந்தது. அவள் குழந்தையின் மூடிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். இவர்களிடம்தான் சொன்னேன் என்று என் பக்கம் ஒரு விரலை நீட்டினால் முடிந்தது. நீட்டவில்லை. பஸ் ஸ்டாப்பில் என்னிடம் அவ்வளவு பேசியவள், இங்கே வாயே திறக்கவில்லை.

அவள் சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அதைவிடக் கேவலமானது, அவள் சொல்லாமல் இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

"அவங்க சும்மா இருக்கல டாக்டர். என்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பிசியோதானே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன், எனக்குத்தான் அது நன்றாக வருமே.

அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் பெருமையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாரத்தில் நான்கு நாள் அந்தக் குழந்தைக்கு நானே பயிற்சி கொடுத்தேன். சமுதாயக் கூடத்தைத் தினமும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அம்மாக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டு அலைந்தேன். அந்தச் சாவிக்காக நான் பட்ட பாடு தனிக் கதை. சாவி இவரிடம் என்று அவரும், அவரிடம் என்று இவரும் என்னை ஒன்றரை மாதம் சுற்றவிட்டார்கள். என் எரிச்சலுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நல்ல வேலை கிடைத்தது. கடைசியில் என்னிடம் சாவியைக் கொடுத்துத் தொலைத்தால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கூடத்துத் தரையில் காலை நேரத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் தவழ்கின்றன, எவ்வளவு வேண்டுமானாலும் கத்துகின்றன. வாக்கர்காரிகள் இன்னமும் வருகிறார்கள், நானும் இன்னமும் கத்துகிறேன். கத்துவதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாலரை வயது. அவள் அம்மா இப்போது என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். குழந்தை இரண்டு வயதுக்குப் பிறகு நடந்தது. வலது காலில் பிளாஸ்டிக் பட்டை மாட்டி, அதற்குமேல் ஷூ போட்டுக்கொண்டு, லேசாக இழுத்து இழுத்து ஓடுகிறாள். ஓட வேண்டாம் என்றால் இன்னும் வேகமாக ஓடுகிறாள். வலது கை முழுதாக விரியாது. பொருளை அழுத்திப் பிடிக்க வரும், பிரித்து விட வராது.

ஒருநாள் அந்த டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், இரண்டு மாதம் முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் கை இன்னும் கொஞ்சம் விரிந்திருக்குமா என்று. சொல்ல முடியாது என்றார். விரிந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை. குழந்தையின் அம்மா என்னிடம் இதைக் கேட்டதே இல்லை.

பயிற்சி முடிந்ததும் அந்தச் சின்னப் பெண் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வாள். இடது கை ஒன்றாலேயே, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு பொத்தானுக்கு எவ்வளவோ நேரம். உதவப் போனால் என் கையைத் தட்டிவிடுவாள். எதற்கும் பொறுக்காத நான், அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை வாய் திறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய அம்மா சொல்லி முடிக்கும்வரை அன்றைக்கு இதில் பாதி நேரம் காத்திருந்தாலே போதுமாக இருந்திருக்குமே என்ற நினைப்பு, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒருமுறை வந்து என்னைக் குத்திவிட்டுப் போகிறது.